காவிரிப் படுகையும் கல்லெண்ணெயும்

சோழநாடு சோற்று வளத்தாற் பெயர்பெற்ற நாடு. குடகு மலையில் தோன்றும் காவிரி, திருச்சிராப்பள்ளியை அணுகியதும் கொள்ளிடம், வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு எனப் பல கிளைகளாகப் பிரிந்து, விசிறிபோல் விரிந்து கடலை நோக்கிச் செல்கின்றது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினத்திற்குச் செல்வோர் இருமருங்கும் பசிய வயல்களையே காண்பர். கல் என்று சொல்லத்தக்க ஒன்றை அவ்வழியிற் காண்டல் அரிது. ஆயினும், அவ்வயல்களின் அடியில் ஐந்தாறு கிலோமீட்டர் ஆழம் வரையில் பாறைகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவ்வடுக்குகளிடையே பழைய கடலொன்றின் உயிர்கள் கல்லாகி உறங்குகின்றன. கல்லெண்ணெயும் எரிவாயுவும் தங்கியிருக்கின்றன. மேலே நெல், கீழே எண்ணெய்! இவ்விரு செல்வங்களையும் ஒரே நிலம் பெற்றது எவ்வாறு? இரண்டிற்கும் காரணம் ஒன்றே என்பர் நிலநூலார். அக்காரணத்தை முறையாக ஆராய்வோம்.

நாம் நிற்கும் தரை என்றும் அசையாதது என்பது பொதுமக்கள் எண்ணம். உண்மை அதுவன்று. நிலவுலகின் மேலோடு பல பெருந் தட்டுகளாகப் பிளவுபட்டுள்ளது. அத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவே நகர்கின்றன. நம் விரல் நகம் வளரும் விரைவும் ஏறத்தாழ அதுவே. ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அச்சிறு நகர்ச்சியே கண்டங்களைப் பிரித்தும் சேர்த்தும் விடுகின்றது. கண்டங்கள் இடம்பெயர்வன என்னும் கொள்கையை ஆல்பிரட்டு வெகனர் என்னும் செருமானிய அறிஞர் 1912ஆம் ஆண்டில் வெளியிட்டார். அக்காலத்து அறிஞர் பலர் அதனை ஏற்கவில்லை. கடலடித் தரையை ஆராய்ந்து பெற்ற சான்றுகளால் 1960களில் அக்கொள்கையின் அடிப்படை உறுதியாயிற்று.

பழங்காலத்தில் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிக்கா ஆகியவை யாவும் ஒன்றுபட்டு ஒரு பெருங்கண்டமாக விளங்கின. அப்பெருங்கண்டத்திற்குக் கோண்டுவானா என்று பெயர். நடு இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் நிலப்பகுதியின் பெயரே உலகப் பெருங்கண்டத்திற்குப் பெயராயிற்று. இன்று கடல்களால் பிரிக்கப்பட்டிருக்கும் இந்நாடுகளின் பழம்பாறைகளில் குளோசோப்டெரிசு என்னும் ஒரே வகைச் செடியின் இலைப்பதிவுகள் காணப்படுதல் அப்பண்டைய ஒற்றுமைக்குச் சான்றாகும். நம் நூல்கள் கூறும் கடல்கோள் செய்திகளோடு இதனை இணைத்துக் குழப்புதல் கூடாது. கோண்டுவானா உடைந்தபோது மனிதன் என்னும் உயிர் உலகில் தோன்றவேயில்லை.

இனி, காவிரிப் படுகை பிறந்த கதைக்கு வருவோம். இற்றைக்கு ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கும் 12 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், கோண்டுவானாவின் இப்பகுதி இருபுறமும் இழுக்கப்பட்டது. பிசைந்த மாவை இரு கையாலும் பற்றி மெல்ல இழுத்தால் நடுவிடம் மெலியும் அன்றோ? அதுபோல நிலத்தின் மேலோடும் மெலிந்தது. அடியில் மாவைப்போல் இளகும் அவ்வோடு மேற்பகுதியில் கல்லாய் இறுகியிருத்தலின், அங்கே வெடித்துத் துண்டுதுண்டாயிற்று. நெருக்கி அடுக்கிய புத்தக வரிசையின் இரு முனைகளையும் விலக்கினால், சில புத்தகங்கள் கீழே சரியும். சில நின்ற இடத்திலேயே நிற்கும். அவ்வாறே பாறைத்துண்டுகள் சில ஆழத்தில் இறங்கின. சில மேலே நின்றன. இறங்கியவை பள்ளங்கள் எனவும், நின்றவை முகடுகள் எனவும் பெயர்பெறும்.

இப்பள்ளங்களும் முகடுகளும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. அரியலூர்-புதுச்சேரிப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம், தஞ்சாவூர்ப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம், இராமநாதபுரம்-பாக்கு விரிகுடாப் பள்ளம் என அவற்றை வழங்குவர். கும்பகோணத்தின் அடியில் ஒரு முகடும், பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு முகடும், காரைக்காலின் அடியில் ஒரு முகடும் புதைந்துள்ளன. கும்பகோணத்துக் கோயில்களை வலம்வருவோர் தாம் ஒரு மலைமுகட்டின் மேல் நடக்கின்றோம் என்பதை அறியார். மலையை மண் மூடிவிட்டது. தரை சமமாகி விட்டது.

தொடக்கத்தில் இப்பள்ளங்களில் ஆறுகளும் ஏரிகளுமே இருந்தன. ஊட்டத்தூரை அடுத்த தெரணியில் வெள்ளைக் களிமண் எடுக்கும் குழிகளில் அக்காலத்துச் செடிகளின் இலைப்பதிவுகள் கிடைக்கின்றன. பின்னர் அண்டார்டிக்காவும் ஆஸ்திரேலியாவும் இந்தியாவை விட்டு முற்றும் பிரிந்தன. இடைவெளியிற் புதுக்கடல் பிறந்தது. அக்கடல் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னளவில் பள்ளங்களை நிரப்பி, இன்றைய அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகள் வரையிலும் ஏறிவந்தது. இந்தியாவோடு நெருங்கிய இலங்கை மட்டும் முற்றும் பிரிந்து போகாமல் பக்கத்திலேயே தங்கிவிட்டது. இரண்டிற்கும் இடையில் தொடங்கிய பிளவு நிறைவேறாமல் நின்றமையால், அங்கே ஆழமான பெருங்கடலுக்குப் பதிலாக ஆழமற்ற பாக்கு நீரிணை அமைந்தது.

உள்நாட்டில் கடல் இருந்தது என்பதற்குச் சான்று யாது? பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் சிற்றூர்ப் பக்கத்து வறண்ட ஓடைகளில் நடந்தால், சுருள் வடிவான கற்களைக் காணலாம். அவை அம்மோனைட்டு என்னும் கடலுயிரின் கல்லான ஓடுகள். கண்டகி ஆற்றிலிருந்து கொணர்ந்து வழிபடும் சாளக்கிராமங்களுள் காணப்படும் சுருளும் அவ்வினத்து உயிரின் பதிவே ஆகும். கல்லக்குடிப் பக்கத்தில் பவளப் பூச்சிகளும் கடற்பாசிகளும் கட்டிய சுண்ணாம்புக்கல் உள்ளது. அரியலூர் மாவட்டத்துச் சிமெண்டு ஆலைகள் அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்பையே இன்றும் வெட்டி எடுக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடக்கின்றது. கரையிலிருந்து அடித்துவரப்பட்டுக் கடற்சேற்றில் புதைந்த மரம் அது. அதனை 1940ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் தமிழர். பிற்காலத்தில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பதவியை ஏற்ற முதல் இந்தியரும் அவரே.

இப்பாறைகளை முதன்முதலில் முறையாக அளந்து வகுத்தவர் ஹென்றி பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர். அவர் 1862ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவற்றை ஊட்டத்தூர் வகுப்பு, திருச்சிராப்பள்ளி வகுப்பு, அரியலூர் வகுப்பு என மூன்றாகப் பிரித்தார். இப்பெயர்கள் இன்றும் உலக நிலநூல்களில் வழங்குகின்றன. இவ்வடுக்குகள் கிழக்கு நோக்கிச் சாய்ந்துள்ளன. சாய்த்துவைத்த சுவடியின் ஏட்டுமுனைகள் ஒருபுறம் வெளியே தெரிதல்போல, மேற்கே அரியலூர்ப் பக்கத்தில் அவை தரைக்கு மேல் தெரிகின்றன. கிழக்கே செல்லச் செல்ல ஆழத்தில் மறைந்து, தஞ்சை, நாகை மாவட்டங்களின் கீழும் கடலின் கீழும் போகின்றன. காவிரிப் படுகை நிலத்தில் ஏறக்குறைய 25,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. கடலில் அதனினும் மிகுதியாகப் பரந்துள்ளது.

கண்டங்களின் ஓரங்கள் இருவகைப்படும். ஒருவகை, தட்டுகள் ஒன்றோடொன்று மோதும் ஓரம். தென்னமெரிக்காவின் மேற்குக் கரையும் சுமத்திராத் தீவின் கரையும் அவ்வகையின. அங்கே நிலநடுக்கமும் எரிமலையும் மிகுதி. மற்றொரு வகை, பிரிந்து சென்றபின் மோதலின்றி அமைந்துவிட்ட ஓரம். இதனை அமைதி ஓரம் எனலாம். நம் சோழமண்டலக் கரை இவ்வகையைச் சார்ந்தது. 2004ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் நாகப்பட்டினத்தைத் தாக்கிய ஆழிப்பேரலை நம் கரையில் தோன்றியதன்று. சுமத்திராவை அடுத்த மோதல் ஓரத்தில் பிறந்து, வங்கக் கடலைக் கடந்து வந்தது. அமைதி ஓரத்தில் வாழ்வோரும் தொலைவிலுள்ள மோதல் ஓரத்தை மறந்திருத்தல் ஆகாது என்பதை அன்று அறிந்தோம்.

அமைதி ஓரத்தில் மோதல் இல்லையேனும் ஒரு செயல் மட்டும் ஓயாது நடைபெறும். பிளவின்போது அடியிலிருந்து மேலெழுந்த வெப்பம் நாளடைவில் ஆறுகின்றது. ஆறிய பாறை சுருங்கிக் கனக்கின்றது. கனத்த நிலம் மெல்லத் தாழ்கின்றது. தாழ்ந்த இடத்தை ஆறுகள் நாடி வந்து வண்டலைக் கொட்டுகின்றன. அவ்வண்டலின் சுமையால் நிலம் மேலும் தாழ்கின்றது. மேலும் வண்டல் சேர்கின்றது. இவ்வாறு கோடிக்கணக்கான ஆண்டுகள் நிகழ்ந்தமையாலேயே கிலோமீட்டர்க் கணக்கில் பாறையடுக்கு உண்டாயிற்று. அவ்வடுக்கின் மேலேடு நாம் நெல் விளைக்கும் வண்டல். கீழேடுகள் எண்ணெய் தங்கும் பாறைகள். நிலம் தாழ்ந்ததே நெல்லுக்கும் எண்ணெய்க்கும் பொதுவான காரணம் என்பது இப்பொழுது விளங்கும்.

கல்லெண்ணெய் என்பது பொருள்நிறைந்த சொல். பெட்ரோலியம் என்னும் இலத்தீன் சொல்லும் பாறை, எண்ணெய் என்னும் இரு சொற்களால் ஆனதே. ஆனால் இவ்வெண்ணெய் கல்லிலிருந்து பிறந்ததன்று, உயிரிலிருந்து பிறந்தது. பெரிய விலங்குகள் செத்து எண்ணெயாயின என்று சிலர் கூறுவர். அது பிழை. கடலிலும் ஏரியிலும் மிதந்து வாழும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் பாசிகளுமே அதற்கு மூலம். அவை மடிந்து அடித்தரையில் விழும்போது, அங்கே உயிர்க்காற்று மிகுந்திருந்தால் அழுகி மறையும். உயிர்க்காற்றுக் குறைந்த அடைசலான நீராயின் அழுகாமல் சேற்றோடு கலந்து புதையும். குறுகலும் ஆழமுமான பிளவுப்பள்ளங்கள் இதற்கு ஏற்ற இடங்கள் ஆயின. இவ்வாறு உயிர்ப்பொருள் செறிந்த களிமண்பாறையை மூலப்பாறை என்பர்.

மூலப்பாறை எண்ணெய் ஆவதற்கு வெப்பம் வேண்டும். நிலத்தின் உள்ளே ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்குந்தோறும் வெப்பம் ஏறக்குறைய 25 முதல் 30 பாகை சென்டிகிரேடு ஏறும். 60 பாகையிலிருந்து 120 பாகை வரையில் மூலப்பாறையிலிருந்து எண்ணெய் பிறக்கும். இதற்கு ஏறத்தாழ 2 முதல் 4 கிலோமீட்டர் ஆழம் வேண்டும். உலையில் இட்ட அரிசி வெப்பம் குறைந்தால் வேகாது; அளவு கடந்தால் தீய்ந்துவிடும். அதுபோல மூலப்பாறையும் ஆழம் போதாதாயின் எண்ணெய் தராது. மிக ஆழ்ந்துவிட்டால் எண்ணெய் சிதைந்து எரிவாயுவாகி விடும்.

பிறந்த எண்ணெய் எங்கே தங்குகின்றது? நிலத்தடியில் எண்ணெய் ஏரிபோல் தேங்கி நிற்கும் என்று எண்ணுவோர் உளர். கோடைக்காலத்தில் காவிரி மணலில் ஊற்றுத் தோண்டுவாரைக் கண்டதுண்டா? அங்கே மணலே தெரியும். நீரோ மணற்பொடிகளின் இடைவெளியில் இருக்கும். எண்ணெயும் அவ்வாறே மணற்கல்லின் நுண்ணிய இடைவெளிகளில் தங்குகின்றது. அது தங்குபாறை எனப்படும். எண்ணெய் நீரினும் இலேசானது. ஆதலின் பாறைகளில் ஊறியுள்ள நீரை விலக்கிக்கொண்டு மேல்நோக்கி ஏறும். தடுப்பார் இல்லையேல் தரைக்கு வந்து காற்றில் கரைந்து வீணாகும். நெருங்கிய களிமண்பாறை மேலே மூடியாக அமைந்தால், ஏறிவந்த எண்ணெய் அதன்கீழ்ச் சிறைப்படும். புதைந்த முகடுகளின் உச்சியும், பிளவின்போது பாறைகள் சரிந்த விளிம்புகளும் இத்தகைய சிறைகளாக அமைகின்றன. மூலப்பாறை, வெப்பம், தங்குபாறை, மூடுபாறை, சிறையிடம் என்னும் ஐந்தும் கூடினாலன்றி எண்ணெய்க் களம் அமையாது. ஒன்று குறையினும் துளைத்தவர் வெறுங்கையோடு திரும்புவர்.

நம் படுகையின் பாறையடுக்குகளுக்கு நிலநூலார் நம் ஊர்ப்பெயர்களையே இட்டுள்ளனர். ஆண்டிமடத்தின் பெயரும் சாத்தப்பாடியின் பெயரும் தாங்கிய அடுக்குகள் மூலப்பாறைகள். புவனகிரி, நன்னிலம், கமலாபுரம், நிரவி ஆகிய ஊர்ப்பெயர் தாங்கியவை எண்ணெயும் வாயுவும் தங்கும் அடுக்குகளுள் சில. வெளிநாட்டு அறிஞர் ஒருவர் காவிரிப் படுகையைப் பற்றி எழுதப் புகுந்தால், நன்னிலத்தையும் நிரவியையும் எழுதாமல் இயலாது.

இந்தியாவில் எண்ணெய், இயற்கை வாயு ஆணையம் 1956ஆம் ஆண்டில் அமைந்தது. 1950களின் இறுதியில் காவிரிப் படுகையில் ஆய்வு தொடங்கிற்று. 1964ஆம் ஆண்டில் முதல் ஆழ்துளை இடப்பட்டது. பயன் உடனே கிட்டவில்லை. இருபது ஆண்டளவு முயன்றபின், 1980களில் நாகூரை அடுத்த நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. பின்னர்த் திருவாரூர், இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலும் எண்ணெயும் வாயுவும் எடுக்கப்பட்டன. 1993ஆம் ஆண்டில் பனங்குடியில் ஒரு சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. பாக்கு நீரிணைக்குத் தெற்கே மன்னார் வளைகுடாவில், இலங்கைப் பக்கத்துக் கடலடியில் 2011ஆம் ஆண்டில் எரிவாயு கண்டறியப்பட்டது.

அமைதி ஓரங்கள் பிற நாடுகளுக்கும் இவ்வாறே செல்வம் அளித்துள்ளன. 1974ஆம் ஆண்டில் எண்ணெய் கண்ட பம்பாய்க் கடற்களம் இந்தியாவின் மேற்கு அமைதி ஓரத்தில் உள்ளது. தென்னமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் பிரிந்தபோது உண்டான பிரேசில் நாட்டுக் கரையோரத்தில், தடித்த உப்புப்பாறையின் அடியில் 2006ஆம் ஆண்டில் பெரிய களமொன்று வெளிப்பட்டது. அங்கே உப்பே எண்ணெய்க்கு மூடியாயிற்று.

பிறவிடங்களில் களங்கள் பல கடலின் அடியில் உள்ளன. நம் களங்களுட் பலவோ நெல்வயலின் அடியில் உள்ளன. இதுவே நம்முன் நிற்கும் சிக்கல். எண்ணெய்க்கிணறு, குடிக்கவும் பாய்ச்சவும் உதவும் நன்னீர் அடுக்குகளை ஊடுருவியே கீழே செல்ல வேண்டும். நன்னீரைக் காக்கத் துளையினுள் எஃகுக் குழாயை இறக்கிச் சிமெண்டால் அடைப்பர். அவ்வடைப்புப் பழுதாயின் ஆழத்து உப்புநீரும் எண்ணெயும் நன்னீரிற் கலக்கும். வயலில் எண்ணெய் கசிந்தால் அவ்விடம் விளைவுக்கு உதவாது. இவ்வச்சத்தினால் 2017ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் உழவர்கள் திரண்டு போராடினர். 2020ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு காவிரிப் படுகை மாவட்டங்களைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டத்தை இயற்றி, அங்கே புதிய எண்ணெய், எரிவாயுப் பணிகளைத் தடுத்தது. முன்னரே நடைபெற்று வந்தவற்றை அச்சட்டம் நிறுத்தவில்லை.

எண்ணெய் வேண்டா என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுதல் எளிதன்று. உழவர் ஓட்டும் டிராக்டரும், நெல்லை ஏற்றிச்செல்லும் லாரியும், நாம் ஏறும் பேருந்தும் பெரும்பாலும் எண்ணெயாலேயே இயங்குகின்றன. எனினும் இரு செல்வங்களின் இயல்பையும் ஒப்பிட்டு நோக்குதல் அறிவுடைமை. நெல் ஆண்டுதோறும் விளைவது. இந்த ஆண்டு அறுத்த வயலில் அடுத்த ஆண்டும் அறுக்கலாம். எண்ணெயோ பலகோடி ஆண்டுகளில் ஒருமுறை விளைந்தது. எடுத்துவிட்டால் மனிதர் காலத்தில் மீண்டும் விளையாது. அன்றியும், எரித்த எண்ணெயின் கரி வளியாகி வானிற் சேர்ந்து உலகின் வெப்பத்தை உயர்த்துகின்றது. வெப்பம் உயரக் கடல்மட்டமும் உயர்கின்றது. தாழ்வான நாகைக் கடற்கரை வயல்களுக்கு அதனால் வரும் கேடு பெரிது.

மேல் வண்டலும் தானே நிலைத்து நிற்பதன்று. படுகை தாழும் இயல்பினது. ஆறு கொணரும் புதுவண்டலே அத்தாழ்வை ஈடுசெய்யும். 1934ஆம் ஆண்டில் மேட்டூரில் அணை எழுந்தபின் காவிரியின் வண்டலில் ஒரு பகுதி அணையின் பின்னேயே தங்கிவிடுகின்றது. ஆகவே இருக்கும் வண்டலைக் காத்தல் முன்னினும் இன்றியமையாத கடமையாகின்றது.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை நிலநூல் கற்று எண்ணெய் தேடுவீர்கள். சிலர் வயலில் ஏர் நடத்துவீர்கள். சிலர் அரசுப் பணியில் அமர்ந்து, எங்கே துளைப்பது, எங்கே துளைக்கலாகாது என்று முடிவு செய்வீர்கள். எப்பணியில் இருப்பினும், காலடியில் உள்ள நிலம் எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிந்து முடிவு செய்க. அரியலூர்ப் பக்கம் செல்லும்போது ஓடையிற் கிடக்கும் சுருட்கல் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அது வாழ்ந்த கடலின் அடிச்சேறுதான் கிழக்கே ஆழத்தில் புதைந்து எண்ணெய்க்கு இடமாயிற்று. அதே நிலம் தாழ்ந்தமையால்தான் காவிரி அங்கே விரிந்து பாய்ந்து நமக்குச் சோறளிக்கின்றது.